தமிழ்ப் படத்துக்கே சப்டைட்டில்: மடிப்பாக்கத்து ஹோம் தியேட்டர் ஒன்றின் ஈக்யூ ஆய்வு

மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடி ஃபிளாட். வீட்டுக்காரர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணமாகிப் போனதும் காலியான அறையை ஹோம் தியேட்டராக மாற்றியிருந்தார். முன்னால் இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் வசனத்துக்கான சென்டர் ஸ்பீக்கர், பக்கவாட்டில் இரண்டு சரவுண்ட் ஸ்பீக்கர், மூலையில் தாழ்ந்த ஒலிக்கான 12 அங்குல சப்வூஃபர், எல்லாவற்றையும் ஓட்ட ஒரு 5.1 ரிசீவர். பொருட்கள் எதுவும் மோசமில்லை. புகார் மட்டும் இரண்டு: பேசுவது புரியவில்லை, சண்டைக் காட்சி வந்தால் வீடு இடிகிறது. பேசும்போது வால்யூமை ஏற்று, அடிக்கும்போது இறக்கு என்று ரிமோட் கையிலேயே இருந்தது. கடைசியில் தமிழ்ப் படத்துக்கே சப்டைட்டில் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சென்டர் ஸ்பீக்கர் சரியில்லை, பெரிதாக ஒன்று வாங்குங்கள் என்று கடையில் ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். "மாத்திடலாமா தம்பி?" என்றார். "முதல்ல அளந்து பார்த்துடலாம் சார், அப்புறம் எதை மாத்தணும்னு முடிவு பண்ணலாம்" என்றேன்.

இந்த ஆய்வை எழுதக் காரணம் அந்த அளவீட்டில் தெரிந்ததுதான். வசனம் புரியாததற்குச் சென்டர் ஸ்பீக்கர் முக்கியக் காரணமே இல்லை. அறையின் அளவு, சப்வூஃபரும் சோஃபாவும் இருந்த இடம், ரிசீவரில் மாற்றப்பட்ட ஒரே ஒரு எண், இவை மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. டிஜிட்டல் ஈக்வலைசர் (சுருக்கமாக ஈக்யூ, வேண்டிய அதிர்வெண்ணில் மட்டும் ஒலியை ஏற்றி இறக்குவது) இதில் தீர்த்தது ஒரு பகுதியைத்தான். ஆனால் அந்தப் பகுதியை வேறு எதனாலும் இவ்வளவு சுலபமாகத் தீர்த்திருக்க முடியாது.

அறை என்ன செய்கிறது

நீளம் 17 அடி, அகலம் 11 அடி, உயரம் 10 அடி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே விட்ரிஃபைட் டைல்ஸ். ஹோம் தியேட்டர் பற்றிய வெளிநாட்டு ஆலோசனைகளைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பல வீடுகளில் உட்சுவர் என்பது மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலி பட்டால் அது சற்றே வளைந்து கொடுத்து, ஒலியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் ஊர்ச் செங்கல் சுவர் அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் பேஸ் எனும் தாழ்ந்த ஒலியின் தொல்லை நம் வீடுகளில் கூடுதல்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய் மோதித் திரும்பும்போது, சில அதிர்வெண்களில் நிலை அலை, அதாவது நகராமல் நின்ற இடத்திலேயே ஒலிக்கும் அலை, உருவாகும். முதல் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க, ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையேயான தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். ஏசி ஓடும் 26 டிகிரி அறையில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 347 மீட்டர். 17 அடி என்பது 5.18 மீட்டர். ஆக, நீளவாக்கில் 33.5 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு), அதன் இரு மடங்கு 67 ஹெர்ட்ஸ். அகலவாக்கில் 52 ஹெர்ட்ஸ். உயரவாக்கில் 57 ஹெர்ட்ஸ். மைக்கை எடுப்பதற்கு முன்பே, கையிலிருந்த அளவு டேப்பை வைத்தே எங்கே தொல்லை வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

நிலை அலையின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கும். முதல் நிலை அலைக்கு நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. சப்வூஃபர் மூலையில் இருந்தால் எல்லா நிலை அலைகளையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் கிளப்பிவிடும். இந்த வீட்டில் சப்வூஃபர் மூலையில், சோஃபா பின்சுவரை ஒட்டி. இதைவிடக் கெட்ட சேர்க்கையை வேண்டுமென்றே தேடினாலும் கிடைக்காது. ஆனால் முக்கால்வாசி வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. இடத்தை அடைக்காமல் இருக்க அதுதானே வசதி.

அளவீடு

கருவி ரொம்ப எளியது: யூமிக்-1 என்ற யூஎஸ்பி மைக், அதற்கே உரிய திருத்தக் கோப்பு, லேப்டாப்பில் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள். மைக்கை ஸ்டாண்டில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில், கூரையைப் பார்த்தபடி நிறுத்தி, அந்த நிலைக்கான 90 டிகிரி திருத்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்தேன். சோஃபாவில் உட்கார்ந்து மைக்கைக் கையில் பிடித்தபடியோ மடியில் வைத்தபடியோ அளந்தால் உடம்பில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்துகொள்ளும். ஃபேன், ஏசி இரண்டும் நிறுத்தப்பட வேண்டும். ஆனால் அறையை ஏசி போட்டுப் படம் பார்க்கும் வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிறுத்தினேன். சித்திரை வெயிலில் 35 டிகிரியில் கிடக்கும் அறையில் இதே நிலை அலை 34 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும். அரை ஹெர்ட்ஸ் வித்தியாசம்தான், பெரிய விஷயமில்லை. ஆனாலும் ஈக்வலைசரில் மிகக் குறுகலான ஃபில்டர் (ஒரு அதிர்வெண்ணை ஏற்றி இறக்கும் திருத்தம்) போடாதீர்கள் என்பதற்கு அது ஒரு காரணம்.

ஸ்வீப், அதாவது தாழ்ந்த ஒலியிலிருந்து மெல்ல ஏறிப்போகும் சோதனை ஒலி, ஓடத் தொடங்கியதும் முதலில் சத்தம் போட்டது ஸ்பீக்கர் அல்ல, பரண். நாற்பது ஹெர்ட்ஸைத் தாண்டும்போது மேலே அடுக்கியிருந்த எவர்சில்வர் பாத்திரங்கள் மொத்தமும் கலகலத்தன. இத்தனை நாள் சப்வூஃபரில் ஏதோ கிழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். பாத்திரங்களுக்கு நடுவே பழைய வேட்டிகளை மடித்துத் திணித்து அதை அங்கேயே முடித்தோம். எந்த மென்பொருளும் இதற்கு மருந்து சொல்லாது.

அப்புறம் சப்வூஃபரை மட்டும் ஓட்டி, மூன்று இருக்கைகளிலும் அளந்தேன். 33.5 ஹெர்ட்ஸில் மூன்று இடத்திலும் அக்கம்பக்கத்து அதிர்வெண்களைவிட 11 டெசிபல் (ஒலியளவின் அலகு) மேடு. 67 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் மேடு. 52 ஹெர்ட்ஸில்தான் வேடிக்கை. நடு இருக்கையில் 12 டெசிபல் பள்ளம், சுவரோர இருக்கையில் 7 டெசிபல் மேடு. வீட்டுக்காரர் நடுவில் உட்காருவார், அவர் மனைவி சுவரோரம். "அவதான் இடிக்குது இடிக்குதுன்னு சொல்லிட்டே இருப்பா, எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையேன்னு நினைப்பேன்" என்றார். வரைபடத்தைக் காட்டினேன். அந்த அதிர்வெண்ணில் இரண்டு பேருக்கும் இடையே 19 டெசிபல். அம்மா சொன்னது முழுக்க உண்மை, அவர் சொன்னதும் உண்மை.

இசையில் இதை இன்னும் தெளிவாகக் கேட்கலாம். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு ஒன்றைப் போட்டு பேஸ் கிடாரை மட்டும் கவனித்தால், ஒரு சுரம் காணாமல் போகும், அடுத்தது முட்டிக்கொண்டு வரும். நாலு தந்தி பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அதிலிருந்து நான்கு அரைச்சுரம் மேலே போனால் சரியாக 52. நடு இருக்கைக்காரருக்கு அந்தச் சுரமே கிடையாது.

டேப் வைத்து மாற்றிய எண்

சென்டரையும் சப்வூஃபரையும் சேர்த்து ஓட்டியபோது 80 ஹெர்ட்ஸை ஒட்டி அகலமான ஒரு பள்ளம். கிராஸ்ஓவர், அதாவது கீழ் ஒலியைச் சப்வூஃபருக்கும் மேல் ஒலியை மற்ற ஸ்பீக்கர்களுக்கும் பிரிக்கும் எல்லை, வைத்திருந்த இடமும் 80 ஹெர்ட்ஸ். தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் அங்கே நன்றாகவே ஒலிக்கின்றன, சேர்ந்தால் காணோம். கிராஸ்ஓவரில் இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நேரத்தை.

ரிசீவரின் தானியங்கி அளவீடு சப்வூஃபரின் தூரத்தை 6.5 மீட்டர் என்று போட்டிருக்கிறது. வீட்டுக்காரர் கணக்கில் கறார். டேப்பை வைத்து அளந்தால் 4.8 மீட்டர்தான். இயந்திரம் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டது என்று திருத்திவிட்டார். இது நியாயமான சந்தேகம், நிறையப் பேர் செய்வது. ஆனால் ரிசீவர் காட்டும் தூரம் உண்மையில் தூரம் அல்ல, நேரம். சப்வூஃபருக்குள் இருக்கும் ஃபில்டர்களும் ஆம்ப்ளிஃபையரும் ஒலியைச் சில மில்லிநொடி தாமதப்படுத்துகின்றன. அந்தத் தாமதத்தையும் மீட்டராக மாற்றிச் சேர்த்துத்தான் ரிசீவர் 6.5 என்றது. 1.7 மீட்டரைக் குறைத்தால் 4.9 மில்லிநொடி பிசகும். 80 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 டிகிரி, 12.5 மில்லிநொடி. அதாவது இரண்டு ஒலிகளும் 141 டிகிரி விலகி வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. ஒழுங்காகச் சேர்ந்தால் வரவேண்டிய அளவைவிட 9 டெசிபலுக்கும் மேல் குறையும். அளவீட்டில் கண்ட பள்ளமும் ஏறக்குறைய அதே.

ஆண் குரலின் அடித்தளம் பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அதன் தொடக்கத்திலேயே இப்படி ஒரு பள்ளம் விழுந்தால் குரல் சோகையாகும். சரி, அந்த இடத்தை ஈக்வலைசரில் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். ஏற்றினால் சென்டரும் ஏறும், சப்வூஃபரும் ஏறும், இரண்டும் இன்னும் பலமாக அடித்துக்கொள்ளும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். 9 டெசிபல் ஏற்ற எட்டு மடங்கு வாட் வேண்டும். 100 வாட் போன இடத்தில் 800. கிடைப்பதென்னவோ சூடான ஆம்ப்ளிஃபையர் மட்டும்.

இதே அளவீட்டில் சென்டருக்கு 170 ஹெர்ட்ஸ் பக்கம் 6 டெசிபல் வீக்கமும் தெரிந்தது. ஸ்பீக்கரை டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் உள்ளே தள்ளி வைத்ததால் தட்டே ஒரு பெட்டியாகிக் கூடவே முனகுகிறது. எதிரே கண்ணாடி டீப்பாய். அதில் பட்டு வரும் ஒலி நேர் ஒலியோடு மோதி உச்சரிப்பைக் கலைக்கிறது. இதற்கெல்லாம் மேல் 33 ஹெர்ட்ஸ் ரீங்காரம். தாழ்ந்த ஒலி பலமாக இருந்தால் அதற்கு மேலே உள்ள ஒலிகளைக் காது பிரித்தறிவது மங்கிவிடும் என்பது செவிப்புலனின் இயல்பு. பின்னணி இசையில் பேஸ் நீண்டு ஒலிக்கும் காட்சிகளில்தான் வசனம் அதிகம் தொலைந்தது என்று அவர்களே பிறகு யோசித்துச் சொன்னார்கள்.

முதலில் கைவேலை, பிறகு ஈக்யூ

சப்வூஃபரை மூலையிலிருந்து எடுத்து, முன்சுவரின் சரிநடுவில், டிவிக்குக் கீழே வைத்தோம். அகலவாக்கின் நடுவில் இருக்கும் சப்வூஃபரால் 52 ஹெர்ட்ஸ் நிலை அலையைக் கிளப்பவே முடியாது. கணவருக்குப் பள்ளம், மனைவிக்கு மேடு என்ற பேதம் அப்போதே பெருமளவு மறைந்தது. இதை ஈக்வலைசரால் செய்ய முடியாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு சப்வூஃபருக்குப் போடும் ஃபில்டர் எல்லா இருக்கைக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். ஒருவருக்கு 52 ஹெர்ட்ஸைக் குறைத்தால் மற்றவருக்கு இருந்த கொஞ்சநஞ்சமும் போகும்.

சோஃபாவைக் காது பின்சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி வரும்படி முன்னால் இழுத்தோம். 67 ஹெர்ட்ஸ் மேடு 4 டெசிபல் போலக் குறைந்தது. 33 ஹெர்ட்ஸ் அசையவில்லை, ஒரு டெசிபல் குறைந்திருந்தால் அதிகம். சென்டரைத் தட்டின் விளிம்புவரை வெளியே இழுத்து, முன்பக்கம் ரப்பர் வைத்துக் காதைப் பார்க்கச் சாய்த்தோம். டீப்பாய் ஓரத்துக்குப் போயிற்று. இத்தனைக்கும் செலவு ஒரு ரப்பர் துண்டு.

மிச்சம் நின்றது 33.5 ஹெர்ட்ஸ். இங்கேதான் டிஜிட்டல் ஈக்வலைசரின் அருமை. ரிசீவரில் சப்வூஃபருக்கு நாமே ஃபில்டர் எழுதும் வசதி இல்லாததால், ரிசீவருக்கும் சப்வூஃபருக்கும் நடுவே மினிடிஎஸ்பி என்ற டிஜிட்டல் ஈக்வலைசர் பெட்டி ஒன்றை இணைத்தோம். அதில் எழுதிய முக்கிய ஃபில்டர் ஒன்றே ஒன்று: 33.5 ஹெர்ட்ஸ், மைனஸ் 9 டெசிபல், க்யூ 6 (க்யூ என்பது ஃபில்டர் எவ்வளவு குறுகல் என்பதைச் சொல்லும் எண்). கூடவே 67 ஹெர்ட்ஸில் சின்னதாக ஒரு குறைப்பு. பத்து ஃபில்டர் வரை போட இடம் இருக்கிறது. இருக்கிறது என்பதற்காகப் போட வேண்டியதில்லை.

இந்த ஃபில்டர் ஒலியளவைக் குறைப்பதோடு நிற்பதில்லை. நிலை அலை என்பது அடித்த மணி போல நீடிப்பது. இந்த அறையில் 33 ஹெர்ட்ஸ் 60 டெசிபல் இறங்க ஏறத்தாழ 0.7 நொடி எடுத்தது. மேடும் இந்த நீட்டிப்பும் ஒரே பொருளின் இரண்டு முகம். மேட்டின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் எதிர் ஃபில்டரைப் போட்டால், மேட்டோடு நீட்டிப்பும் இறங்கும். மறுபடி அளந்தபோது 0.3 நொடி. ஆகவே க்யூ எண்ணைக் குத்துமதிப்பாகப் போடக்கூடாது, அளவீட்டிலிருந்து எடுக்க வேண்டும். ரொம்ப அகலமாகப் போட்டால் நல்ல பேஸும் சேர்ந்து வெட்டுப்படும். இன்னொன்று, க்யூவின் வரையறை கருவிக்குக் கருவி மாறும். மென்பொருளில் எந்தக் கருவி என்று சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகே எண்ணை எடுத்து எழுத வேண்டும்.

இதற்குப் பிறகுதான் ரிசீவரின் தானியங்கி அளவீட்டைப் புதிதாக ஓட்டினோம். வரிசை முக்கியம். மேடு இருக்கும்போது ஓட்டினால், ரிசீவர் அந்த மேட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து சப்வூஃபரின் மொத்த அளவை இறக்கி வைத்துவிடும். வெடிச்சத்தத்தில் வீடு இடியும், மற்ற நேரத்தில் பேஸே இருக்காது. இந்த வீட்டில் அதுவும் நடந்திருந்தது. முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' (தாழ்ந்த ஒலி முழுவதும் அவற்றுக்கே போகும்) என்று வைத்திருந்ததை 'ஸ்மால்' ஆக்கி 80 ஹெர்ட்ஸில் வெட்டினோம். ஐந்தேகால் அங்குல வூஃபரை 30 ஹெர்ட்ஸ் வாசிக்கச் சொல்வது அதற்குச் செய்கிற கொடுமை. சப்வூஃபரின் தூரம் இந்த முறை டேப் அளவைவிட இரண்டு மீட்டருக்கும் மேல் கூடுதலாக வந்தது, ஏனென்றால் மினிடிஎஸ்பியின் தாமதமும் அதில் சேர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் டேப்பைத் தொடவில்லை. 80 ஹெர்ட்ஸ் பள்ளம் அடியோடு போனதா என்று சென்டரையும் சப்வூஃபரையும் சேர்த்து அளந்து, தூர எண்ணைக் கொஞ்சம் முன்பின் தள்ளி, மிகச் சீராக வந்த இடத்தில் நிறுத்தினேன்.

ரிசீவரோடு வந்த செயலியில் எந்த அதிர்வெண் வரை திருத்தலாம் என்று எல்லை வைக்க முடிந்தது. 300 ஹெர்ட்ஸோடு நிறுத்திவிட்டேன். இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால் இந்த அளவுள்ள அறையில் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறைதான் எஜமானன். அதற்கு மேலே ஸ்பீக்கரின் சொந்தக் குணம் மேலோங்கத் தொடங்குகிறது. அங்கே மைக் நேர் ஒலியையும் சுவரில் பட்டு வந்ததையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும். காதும் மூளையும் இரண்டையும் பிரித்துக் கேட்கும். மைக் காட்டும் குட்டிக் குட்டி மேடுபள்ளங்களை நிரவப்போய், நல்ல ஸ்பீக்கரைக் கெடுத்துவிடலாம். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்திலும் பணியாற்றிய ஒலியியல் ஆய்வாளர் ஃபிலாய்ட் டூல் பல ஆண்டுகளாக வலியுறுத்திவருவதும் இதையே.

கடைசியாக, பேஸைத் தட்டையாக விடவில்லை. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல ஏறி 5 டெசிபல் கூடுதலாக வரும்படி வைத்தோம். வீட்டில் கேட்கும் அளவில் தட்டையான பேஸ் பலருக்கும் வறட்சியாகவே படுகிறது.

இப்போது எப்படி இருக்கிறது

வேண்டுமென்றே வைத்த அந்த ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், மூன்று இருக்கைகளிலும் 25 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மேடுபள்ளம் 4 டெசிபலுக்குள் அடங்கிவிட்டது. வசனத்துக்காக சென்டரை 6 டெசிபல் ஏற்றி வைத்திருந்தார்கள், அது தேவைப்படவில்லை. சப்டைட்டில் நின்றுவிட்டது. மிருதங்கக் கச்சேரி ஒன்றைப் போட்டபோது, முன்பு எல்லா அடியும் ஒரே 'தும்' என்று கேட்ட இடந்தலையில் (இடப்பக்கத் தோலில்) கையை அழுத்தி இழுக்கும்போது சுருதி ஏறுவது தனியாகக் கேட்டது. அம்மாவுக்குச் சங்கீதப் பழக்கம் உண்டு. வசனத்தைவிட இதில்தான் அவருக்குச் சந்தோஷம்.

தீராதது ஒன்று இருக்கிறது. சோஃபாவை முன்னால் இழுத்ததால் பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 114 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியை ரத்துசெய்து 6 டெசிபல் பள்ளம் போடுகிறது. ஈக்வலைசரில் அதை நான் தொடவில்லை. பின்சுவரில் நாலு அங்குல ராக்வுல் பலகை (ஒலியை விழுங்கும் கல்நார் போன்ற இழைப் பலகை அல்ல, பாறையிலிருந்து செய்த இழைப் பலகை) மாட்டினால் கொஞ்சம் தேறும். சுவர் முழுக்க மாட்ட அவர்களுக்கு மனமில்லை. கேட்கும்போது பெரிதாக உறுத்தவும் இல்லை.

கீழ்வீட்டுக்காரர்களுக்காக மினிடிஎஸ்பியில் இரண்டாவது செட்டிங் ஒன்று எழுதியிருக்கிறேன். இரவு பத்துக்கு மேல் அதுதான் ஓடும். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுக்க இறக்கியாயிற்று. கான்கிரீட் தளத்தைத் தாண்டிப் போவது அந்தத் தாழ்ந்த ஒலிதான். சப்வூஃபருக்கு அடியில் போடும் ஃபோம் அதைத் தடுக்காது.

இன்னொரு சப்வூஃபர் வாங்கலாமா என்று இப்போது கேட்கிறார். வாங்கலாம். முன்சுவர் நடுவில் ஒன்று, பின்சுவர் நடுவில் ஒன்று என்று வைத்தால், 33 ஹெர்ட்ஸ் நிலை அலையை இரண்டும் எதிரெதிராகத் தள்ளி எழும்பவே விடாது. சின்ன அறைகளுக்கு இந்த ஏற்பாடு எப்படி உதவுகிறது என்பதை ஒலியியல் ஆய்வாளர் டாட் வெல்டி 2002-இல் கணக்கோடு காட்டியிருக்கிறார். அப்போது நான் எழுதிய முக்கிய ஃபில்டரே ஏறக்குறைய தேவையில்லாமல் போகலாம். ஆனால் பின்சுவரின் நடுவில் பீரோ நிற்கிறது. அதை எங்கே நகர்த்துவது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.